மகனின் கடனும் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும்

உப்புவெளியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உங்கள் மகனுக்கு அங்குள்ள பாதுகாப்புத்துறை ஒப்பந்த நிறுவனமொன்றில் வேலை கிடைத்திருப்பதாகவும், தாயாரின் சத்திரசிகிச்சைக்கும் தங்கையின் கலியாணத்துக்குமாகக் கடனட்டைகளில் அவர் எடுத்த பணம் கட்டப்படாமல் நிற்பதால் அரசின் இரகசியத் தகவல்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதி மறுக்கப்படுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடன் இருப்பதாலேயே எவருக்கும் அனுமதி மறுக்கப்படுவதில்லை. இந்த அனுமதியை முடிவுசெய்ய 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த 13 மதிப்பீட்டு நெறிகளுள் நிதிநிலை பற்றியது ஒன்று; கடன் எதனால் வந்தது, வந்தபின் அவர் என்ன செய்தார் என்பவற்றை அது கூர்ந்து பார்க்கிறது. நோய், வேலையிழப்பு, மணமுறிவு போன்று கைமீறிய காரணங்களால் பட்ட கடனும், கடன் கொடுத்தவரோடு பேசித் தவணை ஒழுங்குசெய்து தவறாமல் கட்டிவருவதும் விண்ணப்பதாரருக்குச் சாதகமானவை. கலியாணச் செலவைக் கைமீறியதென்று வாதிடுவது கடினம் என்பதே என் கருத்து. எனவே அந்தக் கடனுக்கே முதலில் தவணை ஒழுங்கு தேவை.

இந்த அனுமதிக்காக நிரப்பவேண்டிய எஸ்.எஃப். 86 என்னும் படிவம், கடந்த 7 ஆண்டுகளில் 120 நாட்களுக்கு மேல் கட்டத் தவறிய கடன்களை, பிணை நின்ற கடன்கள் உட்பட, கேட்கிறது. கடனை வெளியில் சொல்லாதிருப்பதை நம் ஊரில் மானம் என்போம். அங்கோ விசாரணையாளர் கடன் அறிக்கையை நேரடியாகவே எடுத்துப் பார்ப்பதால், மறைத்தது தெரியவரும்போது கடனைவிட மறைப்பே பெரிய குற்றச்சாட்டாகிவிடும். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

நிலாவெளிக் காணியை அவசரமாக விற்று, வங்கி வழியாக அல்லாமல் உண்டியலில் பணம் அனுப்பிவிடலாமா என்ற உங்கள் யோசனையை மட்டும் கைவிடுங்கள். வருமானத்துக்குப் பொருந்தாத, விளக்கமில்லாத பணமும் அதே நிதிநிலை நெறியில் ஐயத்துக்குரியதாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. அவர் உங்களுக்கு அனுப்பிவந்த பணத்தையும் மறைக்கத் தேவையில்லை. வெளிநாட்டவருக்குச் செய்த பண உதவி பற்றிய கேள்வி படிவத்திலேயே உண்டு. உங்கள் பெயரிலுள்ள அடகுக் கடனோ, அவர் பிணை நில்லாதவரை, அவருடைய கடனாகாது.

ஐயம் எழுந்தால் காரணங்களை எழுத்தில் தருவார்கள். ஒப்பந்த நிறுவன ஊழியர் 20 நாட்களுக்குள் பதிலளித்து, நீதிபதி முன் விசாரணையும் கோரலாம். அந்தப் பதிலுக்கு ஆதாரமாகக்கூடிய மருத்துவமனைப் பற்றுச்சீட்டுகளும் சத்திரசிகிச்சை அறிக்கையும் உங்கள் வீட்டில்தான் இருக்கும். அவற்றைத் திகதி வாரியாக அடுக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் இந்த மாதமே மகனுக்கு அனுப்பிவையுங்கள்.