முதலில் மழைநீர்க் கணக்கைக் கேளுங்கள்

உங்கள் தெருவை ஒட்டிய காலி நிலத்தில் 400 வீடுகள் வரப்போகின்றன, ஆட்சேப மனுவில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 'எங்கள் வீட்டு விலை இறங்கிவிடும்' என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். அது பெரும்பாலும் எடுபடாது.

தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. கொட்டினால் 5 லட்சம் லிட்டர். இன்று அதில் கணிசமானதை மண் குடித்துவிடுகிறது. கூரையும் தாரும் குடிக்காது. மிஞ்சுவது எந்த வடிகாலுக்குப் போகும், அந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த பெருமழையன்று உங்கள் வாசலில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறுகிறது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அந்த வீட்டுத் திட்டத்துக்கான போக்குவரத்து ஆய்வில் வண்டிகளை எண்ணிய தேதியைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் வண்டிகளை எண்ணிவிட்டு 'நெரிசல் இல்லை' என்று எழுதுவார்கள், அந்த வேடிக்கையும் நடக்கும்!

ஒரே நகலில் ஐம்பது பேர் கையெழுத்திடுவதைவிட, ஐந்து பேர் தாங்கள் கண்டதைத் தனித்தனியாக எழுதினால் கனம் அதிகம். கெடு என்றைக்கு என்று இன்றே பார்த்துவிடுங்கள்.