விடிய விடியப் படித்தால் மதிப்பெண் கூடுமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து ரிவிஷன் டெஸ்ட் தொடங்கிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தும் ஆசிரியை.

கேள்வி (மாணவி, ஈரோடு): டீச்சர், காலை 7 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் டியூஷன் முடிந்து வீடு வர எட்டரை ஆகிறது. 1 மணி வரை படிக்கிறேன், 5 மணிக்கு அம்மா எழுப்பிவிடுவார். ஆனாலும் படித்தது மறுநாள் நினைவில் இல்லை. எனக்கு மூளை கம்மியா?

பதில்: இல்லம்மா, தூக்கம்தான் கம்மி. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், நீ தூங்குவது 4. பகலில் படித்ததை மூளை பதிய வைக்கும் வேலை பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்கிறது. அதைப் பாதியில் வெட்டினால் படித்த நேரமும் சேர்ந்து வீணாகிறது. இன்னொன்றையும் அம்மாவிடம் சொல். பதின்பருவத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். விடியற்காலையில் எழ முடியாமல் திணறுவதைச் சோம்பேறித்தனம் என்று திட்ட வேண்டாம்.

இப்போதைக்கு பத்தரைக்குப் படு, 6 மணிக்கு எழு. அப்படியானால் படிக்க நேரம் எங்கே என்பாய். அந்த எட்டரை முதல் 1 மணி வரை என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கவனித்துப் பார். ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிப்பதும், கைடில் இருப்பதை அழகாக நோட்டில் எடுத்தெழுதுவதுமாகப் பாதி நேரம் போயிருக்கும். இயற்பியலில் ஒரு அஞ்சு மார்க் கேள்வியை எடுத்துக்கொள். ஒரு தடவை நன்றாகப் புரிந்து படி. புத்தகத்தை மூடு. ரஃப் நோட்டில் படத்தோடு எழுதிப் பார். எழுதி முடித்த பிறகே புத்தகத்தைத் திற, விட்டுப்போன வரிகளைச் சிவப்புப் பேனாவால் சேர். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கு எது உதவும் என்று நீயே முடிவு செய்துகொள்.

அப்புறம், எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் எதற்கு? நன்றாக வரும் பாடத்தின் டியூஷனை இந்த வாரமே நிறுத்து.

கேள்வி (மாணவர், தேனி): தூக்கத்தை விரட்ட ராத்திரி பத்து மணிக்குக் காபி குடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. குடித்த காஃபினில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்.

கேள்வி (தந்தை, சேலம்): மகன் தினமும் கிரிக்கெட் ஆடுவான். தேர்வு வரை நிறுத்தச் சொல்லிவிட்டோம். சரிதானே?

பதில்: சரியில்லை ஐயா. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளஸ் டூவில் பி.டி. பீரியடை இயற்பியலுக்கும் கணக்குக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆசிரியர்கள் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. வீட்டிலும் மைதானத்தை மூடினால் பையன் எங்கே போவான்? போனைத்தான் எடுப்பான். முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு வரட்டும், குளித்துவிட்டு உட்காரட்டும்.

கேள்வி (அரசுப் பள்ளி மாணவி, விழுப்புரம்): படிக்க உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தேர்வு பயமா டீச்சர்?

பதில்: பயம் என்று முடிவு கட்டும் முன் ரத்தம் பார். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். 12-க்குக் கீழ் இருந்தால் மருத்துவர் சொல்லும் சிகிச்சையைத் தொடங்கு. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று ஜன்னல் வழியே எறியும் பிள்ளைகள் உண்டு. வெறும் வயிற்றில் போடாதே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. காலைச் சாப்பாட்டையும் விடாதே, பழைய சோறாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி (மாணவர், ஊர் வேண்டாம்): அரையாண்டில் 600-க்கு 390. அப்பா 550 எதிர்பார்க்கிறார். வீட்டில் யாரும் பேசுவதில்லை. சில ராத்திரி, இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

பதில்: தம்பி, இதை எழுதியது நல்ல காரியம். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். அம்மா, அக்கா, மாமா, வகுப்பாசிரியர், யார் உனக்கு நெருக்கமோ அவரிடம், இதே வார்த்தைகளில். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அந்த எண்ணம் பலமாக வரும் ராத்திரியில் தனியாகப் படுக்காதே, வீட்டில் ஒருவரை எழுப்பு. யாரும் திட்ட மாட்டார்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம், அதற்கு வழி இருக்கிறது. பொறியியல் கட்ஆஃபுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும்தான். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஒரு பாடம் போனால்கூட அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. அப்பாவிடம் பேச உனக்குத் தயக்கமாக இருந்தால் வகுப்பாசிரியரை அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல். முதலில் இன்று ராத்திரி ஒருவரிடம் பேசு. பேசிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுது.