மெமரி கார்டை எப்போது அழிக்கலாம்?

திருமணப் படப்பிடிப்பில் ஈடுபட்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை மெமரி கார்டைப் பற்றியே இருந்தன. லென்ஸ் பழுதானால் வேறொன்றை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். ஒரே ஒரு முறை நடக்கும் நிகழ்ச்சியின் படங்கள் போய்விட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. ஆகவே அச்சம் நியாயமானதுதான். ஆனால் கார்டு தானாகச் செயலிழப்பதை எண்ணி அஞ்சும் அளவுக்கு, கேமராவிலிருந்து கணினிக்குப் போகும் வழியில் நம் கைகளே செய்துவிடக்கூடியவற்றை எண்ணி நாம் அஞ்சுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: முழு நிகழ்ச்சியையும் 256 ஜிபி கார்டு ஒன்றிலேயே எடுக்கிறேன். 32 ஜிபி கார்டுகளாகப் பிரித்து எடுத்தால், ஒன்று கெட்டாலும் மற்றவை மிஞ்சும் என்கிறார்கள் சக கலைஞர்கள். எது சரி?

பதில்: உங்கள் கேமராவில் கார்டு செருகும் ஸ்லாட்டுகள் எத்தனை உள்ளன என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். இரண்டு ஸ்லாட்டுகள் இருந்து, ஒவ்வொரு படமும் இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைத்திருந்தால், பெரிய கார்டுகளையே பயன்படுத்துங்கள். பரபரப்பான நேரத்தில் கார்டு மாற்றுவதே ஓர் ஆபத்து. எடுத்த கார்டையும் வெறுங்கார்டையும் ஒரே பையில் போட்டுவிட்டு, நிறைந்ததை வெறுமையானது என்று எண்ணி ஃபார்மட் செய்துவிடுவதும், சிறிய கார்டு ஒன்று எங்கோ தவறி விழுந்து மறுநாள் வரை தெரியாமல் போவதும் கார்டு மாற்றும் நேரங்களில்தான் நடக்கின்றன. ஒரே ஸ்லாட் உள்ள கேமராவாக இருந்தால் பிரித்து எடுப்பதில் பொருள் உண்டு. அப்போதும் கார்டு நிறையும் வரை காத்திராமல், நிகழ்ச்சியின் இடைவேளைகளில் நிதானமாக மாற்றுங்கள்.

இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவை வாங்கிவிட்டாலே இரட்டைப் பதிவு தானாக நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவதற்குத் தாவும் முறை, ராவை (கேமரா பதிவுசெய்யும் பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஒன்றிலும் ஜேபெக்கை (சுருக்கப்பட்ட வழக்கமான படக் கோப்பு) மற்றொன்றிலும் எழுதும் முறை, இரண்டிலும் ஒன்றையே எழுதும் முறை ஆகியவற்றில் எது இயங்குகிறது என்பதை மெனுவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இரட்டைப் பதிவில், தொடர்ந்து படமெடுக்கும்போது மெதுவான கார்டின் வேகமே கேமராவின் வேகமாகிவிடும் என்பதால், இரண்டாவது ஸ்லாட்டுக்குப் பழைய கார்டைச் செருகிச் சிக்கனம் பார்க்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு கார்டுகளையும் கேமராவிலேயே விட்டுவைத்தால், கேமராப் பை திருடுபோகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று பையிலும் மற்றொன்று உங்கள் உடம்போடும் வீடு சேரட்டும்.

கேள்வி: கார்டைக் கணினியில் செருகியதும் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று வருகிறது. மற்றொரு கார்டைத் தவறுதலாகக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டேன். படங்களை மீட்க முடியுமா?

பதில்: இரண்டிலும் வாய்ப்பு உண்டு, அந்த வாய்ப்பின் அளவு, இனி அந்தக் கார்டில் நீங்கள் எதையும் எழுதாமல் இருப்பதைப் பொறுத்தது. கேமரா வழக்கமாகச் செய்யும் ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது. படத்தின் தரவு, அதன் இடத்தில் வேறொன்று பதிவாகும் வரை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஆகவே மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் கார்டைக் கழற்றுங்கள். எஸ்டி கார்டாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள பூட்டை இறக்கிவிடுங்கள். கணினி 'ஃபார்மட் செய்யட்டுமா', 'பிழையைச் சரிசெய்யட்டுமா' என்று எது கேட்டாலும் மறுத்துவிடுங்கள். உதவும் தொனியில் கேட்கப்படும் அந்த இரண்டாவது கேள்வியும் கார்டில் எழுதக்கூடியதே.

முதலில் வேறொரு கார்டு ரீடரிலும் வேறொரு கணினியிலும் செருகிப் பாருங்கள். கார்டின் மேல் சுமத்தப்படும் பழி சில வேளைகளில் தளர்ந்துபோன ரீடரைச் சேரவேண்டியதாக இருக்கும். கார்டு அடையாளம் காணப்பட்டு, அதன் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால், முழுக் கார்டையும் அப்படியே ஒரே கோப்பாக ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, மீட்பு முயற்சிகளை அந்த நகலின் மேல் செய்யுங்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அட்டவணையை நம்பாமல், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தரவுக்குள்ளேயே தேடிப் படங்களைப் பிரித்தெடுக்கின்றன. இப்படி மீளும் படங்களுக்குப் பழைய பெயரோ ஃபோல்டரோ இருக்காது. படம் எடுத்த நேரம் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். வீடியோ கோப்புகள் பெரியவை, கார்டில் பல துண்டுகளாகச் சிதறியிருக்கக்கூடியவை என்பதால், அவை முழுமையாக மீளும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், பதற்றத்தில் அதைச் செய்பவர்கள் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

சில கேமராக்களில் ஆழ்நிலை ஃபார்மட் என்று தனியாக ஒரு வசதி உண்டு. அது கார்டின் நினைவுப் பகுதியையே துடைத்துவிடக்கூடியது. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மென்பொருளால் பயன் இருக்காது. அதுபோலவே, எந்த ரீடரிலும் அசைவே காட்டாத கார்டை மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பதிலும் பயனில்லை; அது தரவு மீட்பு ஆய்வகத்துக்குப் போகவேண்டிய கார்டு. இன்றைய சிறிய கார்டுகள் பலவற்றில் கார்டை இயக்கும் பகுதியான கண்ட்ரோலரும் நினைவுச் சில்லும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருப்பதால், அங்கேயும் வேலை கடினமானது, செலவும் கூடியது.

கேள்வி: நிகழ்ச்சியின் நடுவே, சரியாக அமையாத படங்களைக் கேமராவிலேயே அழித்து இடம் சேமிக்கலாமா?

பதில்: வேண்டாம். கார்டுக்கு அதனால் கேடு ஒன்றுமில்லை. அவசரத்தில் ஒரு பொத்தான் பிசகினால் நல்ல படமும் சேர்ந்து போகும். இடம் போதவில்லை என்றால் பெரிய கார்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் எல்லாக் கார்டுகளையும் மாற்றிவிட வேண்டும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: கார்டுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைப்பதன் மூலமே தரவைக் காக்கிறது, ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தச் செல்லின் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. இந்தத் தேய்மானம் ஒரே இடத்தில் சேராமல் பரவும்படி கண்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. வாரம் இரண்டு திருமணங்கள் எடுத்து, ஒவ்வொரு முறையும் கார்டை முழுதாக நிரப்பி அழித்தாலும், ஆண்டுக்கு 104 முறைதான் ஆகிறது. நல்ல கார்டு அதைப் பல ஆண்டுகள் தாங்கும். அதற்கு முன்பே உடைவது ஓட்டின் விளிம்பு, பூட்டு, தொடுமுனைகளுக்கு இடையே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் ஆகியவைதான். நாள்காட்டியைப் பார்த்துக் கார்டை மாற்றுவதைவிட, காரணம் தெரியாமல் ஒரே ஒரு முறை பிழை காட்டினாலும் அந்தக் கார்டைத் தொழிலிலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

புதுக் கார்டுகளைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். போலிக் கார்டுகள் சில, தம்மிடம் இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் கணினியிடம் சொல்லும். உண்மையான அளவு நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள், எந்த எச்சரிக்கையும் இன்றித் தொலையும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவசக் கருவிகள் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, இந்தப் பொய்யை வெளிக்கொணரும். முதல் படப்பிடிப்புக்கு முன்பே இச்சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: படங்களைக் கணினிக்கு மாற்றியவுடன் கார்டை அழித்துவிடுகிறேன். இது சரியா?

பதில்: சரியன்று. கார்டில் ஒன்று, கணினியில் ஒன்று என இரு பிரதிகளாக இருந்தவை, நீங்கள் கார்டை அழித்த அந்த நொடியில் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு கட்டடத்திலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என மூன்று பிரதிகள் உருவாகி, அவற்றைச் சரிபார்த்து முடிக்கும் வரை கார்டைத் தொடாதீர்கள். கணினியில் அழித்ததை மற்ற இடத்திலும் தானாக அழித்துவிடும் ஒத்திசைவு ஃபோல்டரை அந்த மூன்றில் ஒன்றாகக் கணக்கிட வேண்டாம்.

சரிபார்ப்பது என்றால் சிறுபடங்களை உருட்டிப் பார்ப்பது அன்று. ரா கோப்புக்குள் ஒரு ஜேபெக் முன்னோட்டம் பொதிந்திருக்கும். பல மென்பொருள்கள் முதலில் காட்டுவது அதைத்தான். அதன் பின்னுள்ள ரா தரவு பாதியில் அறுந்திருந்தாலும், சிறுபடம் அழகாகவே தெரியும். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். நகலெடுத்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். முழு அளவு முன்னோட்டங்களை ராவிலிருந்தே உருவாக்கிப் பாருங்கள். மாற்றும்போது 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும் போதும்.

இரண்டு கேமராக்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேமரா தரும் கோப்புப் பெயரில் நான்கு இலக்கங்களே இருப்பதால், 9999க்குப் பிறகு எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்துக்கு வந்துவிடும். ஒரே பெயர் கொண்ட இரு வேறு படங்களை ஒரே ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டு, 'மாற்றி எழுதட்டுமா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லிவிட்டால், கார்டும் ஹார்டு டிஸ்க்கும் நலமாக இருக்கும்போதே பாதிப் படங்கள் போய்விடும். கேமராவின் மெனுவில் பெயரின் முன்னெழுத்துகளை ஒவ்வொன்றுக்கும் வேறாக அமைத்துவிட்டு, கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்தும் வையுங்கள்.

கேள்வி: வெளியூர்த் திருமணங்களுக்கு விமானத்தில் போகிறேன். எக்ஸ்ரே சோதனை கார்டைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்காது. அது ஃபிலிம் சுருளுக்கு உரிய கவலை. கார்டை, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.