போஸ்டர் ஒட்டியும் குறையாத பிளாஸ்டிக்: முதலில் பார்க்க வேண்டியது ஆர்டர் பட்டியல்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 80 பேர் வேலை பார்க்கிறோம். பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. போஸ்டர் ஒட்டினோம், மூன்று நிறத்தில் தொட்டி வைத்தோம், எல்லோருக்கும் ஸ்டீல் பாட்டில் கொடுத்தோம். பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டு பேப்பர் கப் வாங்குகிறோம். இரண்டு மாதமாகியும் குப்பை குறைந்த மாதிரித் தெரியவில்லை. அடுத்து மக்கும் பைகளுக்கு மாறலாமா?

பதில்: மக்கும் பைகளுக்கு இப்போது பணம் போடாதீர்கள். நீங்கள் செய்தவை எல்லாம் பொருள் அலுவலகத்துக்குள் வந்த பிறகு செய்தவை. உள்ளே வருவது குறையவில்லை, அதனால் வெளியே போவதும் குறையவில்லை. குறைக்க வேண்டிய இடம் கொள்முதல் பட்டியல்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வாரம், தினமும் மாலையில், அன்றைய குப்பையை ஒரு விரிப்பில் கொட்டிப் பிரித்து எண்ணுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துப்புரவுப் பணியாளரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளத்தில் என்ன விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நான் உடன் இருந்து எண்ணிய இடங்களில் கப், தண்ணீர் பாட்டில், தொட்டிக்குள் போடும் கவர், பார்சல் சுற்றி வரும் பிளாஸ்டிக் ஆகிய நான்கும்தான் குவியலில் பெரும்பகுதி. பேனா மூடியையும் ஃபைல் உறையையும் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

கப்பில் தொடங்குங்கள். ஒருவர் நாளுக்கு இரண்டு கப் என்று வைத்தாலும், 22 வேலை நாளில் 80 பேருக்கு 3,520 கப். பேப்பர் கப் என்பதால் பிளாஸ்டிக் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஒரு கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் விளிம்பிலிருந்து மெல்ல உரித்துப் பாருங்கள். காகிதம் கூழாகப் பிரிந்து வர, உள்ளே கண்ணாடி போல மெல்லிய படலம் ஒன்று கையில் மிஞ்சும். அது பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அந்தப் படலம் ஒட்டியிருப்பதால் சாதாரணக் காகித ஆலைகள் இந்தக் கப்பை எடுக்கத் தயங்குகின்றன. உங்கள் அலுவலகத்தார் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள். போஸ்டர் சொல்லாததை இது சொல்லும்.

பீங்கான் கப்புக்கோ கண்ணாடிக் கோப்பைக்கோ மாறுவது எளிது, யார் கழுவுவது என்பதில்தான் திட்டம் கவிழும். கழுவுதொட்டி தொலைவில் இருந்தால் நாலு நாளில் பழைய கப் திரும்பி வரும். துப்புரவுப் பணியாளர் தலையில் சத்தமில்லாமல் ஏற்றுவதும் நியாயமில்லை. அவர் கழுவுவதானால் அந்த நேரத்தை அவர் வேலை நேரத்தில் கணக்கிட்டு, வேறொரு வேலையைக் குறையுங்கள். விருந்தினருக்கென 20 கோப்பை தனியே இருக்கட்டும். பேப்பர் கப்பைக் கண்முன் அடுக்காமல் அலமாரிக்குள் வையுங்கள், அடுத்த மாத ஆர்டரைப் பாதியாக்குங்கள்.

ஸ்டீல் பாட்டில்கள் இழுப்பறையில் தூங்குகின்றனவா? தண்ணீர்க் கருவியின் குழாய்க்கும் கீழ்த்தட்டுக்கும் இடையில் அந்தப் பாட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் கப்பில் பிடித்துத்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும், அதை யாரும் செய்யமாட்டார்கள். வடிகட்டி கடைசியாக மாற்றிய தேதியையும், தண்ணீர்ப் பரிசோதனை முடிவையும் கருவி மேலேயே ஒட்டுங்கள். தண்ணீரில் நம்பிக்கை இல்லாதவர் பாட்டில்தான் வாங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது. மீட்டிங் அறைக்கு ஜாடியும் டம்ளரும் போதும்.

யாருக்கும் கண்ணில் படாதது தொட்டிக் கவர். 80 மேசைக்கும் ஒரு குட்டித் தொட்டி, உள்ளே ஒரே ஒரு காகிதம் கிடந்தாலும் தினமும் புதுக் கவர் என்றால் மாதம் 1,760 கவர். மேசைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, நடைபாதை முனைகளில் பொதுத் தொட்டி வையுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு வரும், பிறகு அடங்கிவிடும். குப்பையைப் பிரிப்பதும் இதனால் சுலபமாகும்.

பார்சல் விஷயம் சுருக்கமானது. தினமும் சில்லறையாக ஆர்டர் போடாமல் வாரம் ஒரு முறை சேர்த்துப் போடுங்கள். பபிள் ராப் வேண்டாம், திரும்ப எடுத்துப்போகும் பெட்டியில் அனுப்புங்கள் என்று சப்ளையருடன் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது அடுத்த லாரிக்குள் மறந்துபோகும்.

இனி மக்கும் பை. பி.எல்.ஏ. (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) போன்றவை மக்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைத்து நிற்கும் தொழில்முறை உரக்கூடம் தேவை. உங்கள் குப்பை அங்கே போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். தவறிப்போய் பெட் பாட்டில்களோடு கலந்தால் மறுசுழற்சியையும் கெடுக்கும். சாதாரண பிளாஸ்டிக்கில் அது சீக்கிரம் உடைவதற்கான ரசாயனம் சேர்த்துச் செய்யும் ‘ஆக்ஸோ’ வகைப் பைகளை அறவே தவிர்த்துவிடுங்கள். அவை நுண்துகளாக உடைகின்றன என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே தடை செய்துவிட்டது.

மூன்று நிறத் தொட்டிகள் இருக்கட்டும், ஆனால் ஒரு நாள் இரவு வேலை முடிந்த பின் தங்கிப் பாருங்கள். அழகாகப் பிரித்துப் போட்ட மூன்றையும் ஒரே சாக்கில் கவிழ்ப்பதை ஓர் அலுவலகத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், 1988-ல் பிளாஸ்டிக் வகையை அடையாளம் காட்டுவதற்காக வந்தது, மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. குப்பை எடுப்பவரிடமே எந்த எண்களை எடுப்பார் என்று கேட்டு, தொட்டி மேல் அதையே எழுதுங்கள். 2015 வரை உலகில் சேர்ந்த 630 கோடி டன் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம்தான் என்று 2017-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வாங்காமல் விட்டதைப் பிரிக்கும் வேலையே இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மூன்று மாதம் கழித்து அதே விரிப்பை விரித்து, இன்னொரு வாரம் எண்ணுங்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பழைய போஸ்டர் இருந்த இடத்தில் ஒட்டுங்கள்.