கணினிக் கேள்வி – பதில்: லினக்ஸில் புகைப்படம் திருத்த எந்த மென்பொருள்?

கேள்வி: பல ஆண்டுகளாக விண்டோஸில் போட்டோஷாப் வைத்தே படங்களைத் திருத்தி வந்தேன். என் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை என்பதால் லினக்ஸ் மிண்ட் 22-ஐ நிறுவிக்கொண்டேன். 8 ஜிபி ராம் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கோயில் சிற்பங்களையும் உறவினர் வீட்டு விசேஷங்களையும் நிக்கான் கேமராவில் எடுக்கிறேன். போட்டோஷாப்புக்கு இணையாக லினக்ஸில் இருக்கும் ஒரே மென்பொருள் எது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி எங்களுக்கு அடிக்கடி வருகிறது. ‘ஒரே மென்பொருள்’ என்ற எதிர்பார்ப்பை மட்டும் முதலில் கைவிட்டுவிடுங்கள். போட்டோஷாப் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வேலைகளை லினக்ஸ் உலகம் இரண்டு மூன்று மென்பொருள்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கேமராவிலிருந்து வரும் ரா கோப்பைப் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) படமாக்குவது ஒரு வேலை. அந்தப் படத்தில் அடுக்குகள் (லேயர்) வைத்து ஒட்டுவதும் அழிப்பதும் எழுதுவதும் இன்னொரு வேலை. உங்கள் நேரம் இவற்றில் எதில் அதிகம் செலவாகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்கள் எடுக்கும் கோயில் படங்களைப் பொறுத்தவரை முதல் வேலையே பெரியது. மண்டபத்துக்குள் நின்று தூண் சிற்பத்தை எடுக்கும்போது பின்னால் பிராகாரத்தில் வெயில் கொளுத்தும். சிற்பமோ நிழலில் இருக்கும். ஃபிளாஷுக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. அந்தப் படத்தைக் கேமரா ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தாம் மிஞ்சும். 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிநிலைகள் உண்டு. கருங்கல்லின் உளித்தடங்களை நிழலிலிருந்து மீட்டெடுக்க முடிவது இந்த வேறுபாட்டால்தான். ஆகவே நிக்கானின் ரா வடிவமான நெஃப் கோப்புகளாகவே எடுங்கள். அவற்றைக் கையாளும் மென்பொருளை முதலில் தேர்ந்தெடுங்கள்.

அந்தத் துறையில் லினக்ஸில் இரண்டு பெயர்கள் முன்னிற்கின்றன. டார்க்டேபிள் 2009-இல் தொடங்கிய திட்டம். படத்தின் ஒரு பகுதியை மட்டும் கோடு வரைந்து தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் வெளிச்சத்தையோ நிறத்தையோ மாற்றும் வசதியில் அதை மிஞ்ச இலவச மென்பொருள் எதுவும் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் அதன் கனமான மாட்யூல்கள் (திருத்தக் கருவிகள்), கணக்கீட்டைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் ஓப்பன்சிஎல் முறையின் உதவியை நம்பி நிற்பவை; அந்த உதவி இல்லாத கணினியில் ஒவ்வொரு மாற்றத்தின் விளைவும் திரையில் தெரியக் காத்திருக்க வேண்டிவரும். அதோடு, ஒளி அளவையும் திரைக்கு ஏற்ற தொனியையும் தனித்தனியாகக் கையாளும் அதன் சிந்தனை முறை, போட்டோஷாப்பிலிருந்து வருபவர்களைத் தொடக்கத்தில் திணற வைக்கும்.

ராதெரபி அதைவிடப் பழையது. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் எழுதத் தொடங்கிய இந்த மென்பொருள் 2010-இல் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடியதாக) ஆனது. அது முழுக்கக் கணினியின் மையச் செயலியை (சிபியு) நம்பியே இயங்குவதால், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதது உங்களுக்கு இங்கே குறையாகாது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிவு செய்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கீட்டுக்கு ராதெரபி தரும் ‘அமேஸ்’ முறை நுண்ணிய கோடுகளைச் சிதைக்காமல் காப்பாற்றுகிறது. 2020-இல் வந்த 5.8 பதிப்பில் சேர்ந்த கேப்சர் ஷார்ப்பனிங், லென்ஸில் சற்றே மங்கிய விவரங்களை மீட்டுத் தருகிறது. சிற்பத்தின் அணிகலன்களையும் கல்வெட்டின் எழுத்துகளையும் படிக்கும்படி காட்ட விரும்புகிறவருக்கு இவை இரண்டும் பெரிய வரம். படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதியும் 5.9 பதிப்பிலிருந்து உண்டு. டார்க்டேபிளில் உள்ள அளவுக்கு அது எளிதல்ல.

எனவே உங்கள் கணினிக்கும் உங்கள் வேலைக்கும் ராதெரபியையே சொல்வேன். பின்னாளில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள கணினி வாங்கினால் டார்க்டேபிளுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் ஒன்றில் செய்த திருத்தங்களை மற்றது படிக்காது. இரண்டுமே மூலக் கோப்பைத் தொடுவதில்லை. திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பாக எழுதி வைக்கின்றன. ராதெரபியில் அதன் பெயர் பிபி3 என்றும், டார்க்டேபிளில் எக்ஸ்எம்பி என்றும் முடியும். காப்புப் பிரதி எடுக்கும்போது இந்தச் சிறு கோப்புகளையும் சேர்த்தே நகலெடுங்கள். அவை போனால் படம் இருக்கும், உங்கள் உழைப்பு இருக்காது.

விசேஷப் படங்களில் முகத்துப் பரு, பின்னணியில் தெரியும் மின்கம்பி, ஆல்பத்துக்கான ஒட்டுவேலை ஆகியவற்றுக்குக் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதும். 1995-இல் பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கியது அது. கிம்ப் 8 பிட்டில் (நிறத்துக்கு 256 படிநிலைகளில்) மட்டுமே வேலை செய்யும் என்று இன்னும் பலர் சொல்லக் கேட்கிறோம். 2018-இல் வந்த 2.10 பதிப்போடு அந்தக் குறை நீங்கிவிட்டது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இன்னும் பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ஃபில்டரைப் போட்டால் அது அடுக்கின் புள்ளிகளையே மாற்றிவிடும்; இப்போது அந்த ஃபில்டர் அடுக்கோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால், பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து அதன் அளவை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். போட்டோஷாப்பின் அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கு (மூலப் படத்தைத் தொடாமல் திருத்தும் அடுக்கு) பழகிய கைக்கு இது முழு ஈடு ஆகாவிட்டாலும், பெருமளவு ஆறுதல் தரும்.

மிண்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது என்பதால் அதன் சொந்தக் களஞ்சியத்தில் (மென்பொருள்களைப் பதிவிறக்கும் இடம்) கிடைப்பது கிம்ப் 2.10-தான். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் (களஞ்சியத்தைச் சாராமல் தனித் தொகுப்பாக வரும் முறை) என்று குறிக்கப்பட்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் புதியது வரும். ராதெரபியில் முடித்த படத்தை 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து கிம்பில் திறங்கள். இடையில் ஜேபெக்காக மாற்றாதீர்கள்.

கேள்வி: ஒயின் மூலம் லினக்ஸிலேயே போட்டோஷாப்பை ஓட்டலாம் என்கிறார்களே, அது சரிவருமா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: அடோபி நிறுவனம் லினக்ஸுக்கென்று போட்டோஷாப்பை வெளியிடுவதில்லை. ஒயின் என்பது விண்டோஸ் நிரல் கேட்கும் சேவைகளை லினக்ஸ் வழியாக நிறைவேற்றித் தரும் ஓர் இடைநிலை ஏற்பாடு. மிகப் பழைய பதிப்புகள் சில அதில் ஓரளவு நன்றாகவே ஓடுகின்றன. சந்தா முறையில் வரும் புதிய பதிப்புகளுக்கு கிரியேட்டிவ் கிளவுட் நிறுவியும் உள்நுழைவும் தேவைப்படுவதால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பொழுதுபோக்காக முயன்று பாருங்கள். வருமானம் தரும் வேலையை அதன்மேல் வைக்க வேண்டாம். இன்று ஓடுவது அடுத்த மேம்பாட்டுக்குப் பிறகும் ஓடும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உங்களிடம் வேலை கொடுப்பவர்கள் அடுக்குகளுடன் கூடிய, போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பைத்தான் கேட்கிறார்கள் என்றால், விண்டோஸைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. கிம்ப் பிஎஸ்டியைத் திறக்கும், அடுக்குகளும் வரும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், லேயர் ஸ்டைல் போன்ற போட்டோஷாப் வசதிகள் முழுமையாக வந்து சேராது. எப்போதாவது வரும் பிஎஸ்டி கோப்பைப் பார்த்துச் சிறு திருத்தம் செய்ய மட்டும் என்றால், பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியா உதவும். அது திறந்த மூல மென்பொருள் அல்ல. ஆனால் படத்தை எங்கும் அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே கையாள்கிறது.

கேள்வி: பத்திரிகை, பேனர் வடிவமைப்பைச் சிறு அளவில் செய்கிறேன். கிம்பில் பாமினி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் வேறு எழுத்துரு வருகிறது. அச்சகமோ சிஎம்ஒய்கே கோப்பு கேட்கிறது. என்ன செய்வது?
– வாசகர், விருதுநகர்

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. நீங்கள் தட்டுவதோ யூனிகோடு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறை). அந்த எழுத்துருவுக்குள் யூனிகோடு தமிழ் எழுத்துகளே இல்லாததால் கிம்ப் வேறோர் எழுத்துருவைக் கொண்டுவந்து காட்டுகிறது. பிழை கிம்பில் இல்லை. பாமினியேதான் வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றி ஒன்றில் உரையை அந்தக் குறியீட்டுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டிய உரையை மறுபடி தேடவோ திருத்தவோ கடினம். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், புதிய வேலைகளையாவது யூனிகோடிலேயே தொடங்குங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டோ செரிஃப் தமிழ், கடமரன், மீரா இனிமை, ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன; தலைப்புக்குப் பலூ தம்பி எடுப்பாக இருக்கும். ‘கொ’, ‘கௌ’ போன்ற இருபக்கக் குறிகளையும் கிம்ப் இப்போது பிழையின்றிக் காட்டுகிறது. தட்டச்சு உள்ளீட்டுக்கான ஐபஸ் உடன், பல மொழி விசைப்பலகைகளைக் கொண்ட எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்துவிடும்.

சிஎம்ஒய்கே (அச்சு மைகளான சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றின் அளவாக நிறத்தைக் குறிக்கும் முறை) பற்றி முதலில் அச்சகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஃபிளெக்ஸ் அச்சிடும் இடமென்றால், திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறையான ஆர்ஜிபியை அவர்களுடைய இயந்திரத்தின் மென்பொருளே மாற்றிக்கொள்ளக்கூடும். ஆஃப்செட் என்றால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிம்ப் உள்ளுக்குள் ஆர்ஜிபியில்தான் வேலை செய்கிறது. இருந்தாலும், அச்சகம் தரும் ஐசிசி புரொஃபைலை (அவர்களுடைய அச்சு நிறங்களை விவரிக்கும் கோப்பு) சாஃப்ட்-புரூஃப் புரொஃபைலாக (அச்சு நிறத்தைத் திரையில் முன்கூட்டிக் காட்டும் அமைப்பு) அமைத்துக்கொண்டால், 3.0 பதிப்பிலிருந்து டிஃப், ஜேபெக் கோப்புகளைச் சிஎம்ஒய்கேயாக ஏற்றுமதி செய்யலாம். தொடக்கம் முதல் முடிவு வரை சிஎம்ஒய்கேயிலேயே வரைய வேண்டுமென்றால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பல பக்கப் பத்திரிகை என்றால் படத்தைக் கிம்பில் முடித்து, பக்க அமைப்பையும் பிடிஎஃப் ஆக்குவதையும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸிடம் விடுவதே முறை.

கேள்வி: பல ஆண்டுப் படங்கள் வன்தட்டில் சிதறிக் கிடக்கின்றன. அடுக்கி வைக்க ஏதேனும் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்டு, டிஜிகேம் என்ற மென்பொருள். முக அடையாளம் காணும் வேலையையும் அது உங்கள் கணினிக்குள்ளேயே செய்கிறது. குடும்பப் படங்களை வெளி நிறுவனத்தின் கையில் கொடுக்க வேண்டியதில்லை. நிறுவியதும் அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதிக்குப் போய், குறிச்சொற்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி மாற்றிவிடுங்கள். அப்படிச் செய்தால், நாளை நீங்கள் வேறு மென்பொருளுக்குப் போனாலும் யார் யார் எந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்ற விவரம் படத்தோடு கூடவே வரும்.