அருகில் நிற்பவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் மூன்று வார வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறோம். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஆளுக்கு 23 கிலோ பெட்டி. என்ன எடுத்துப்போக வேண்டும், எந்தத் தடுப்பூசியை எப்போது போட வேண்டும் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? பழைய துணிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம், கொண்டுபோகலாமா? விசிட்டர் விசாவில் போய்விடலாம் என்கிறார்கள், சரியா? பிரசங்கம் என் பொறுப்பு. ஆங்கிலத்தில் பேசினால் போதும், மொழிபெயர்க்க அங்கே ஒருவர் இருக்கிறார். அதனால் அந்தக் கவலை இல்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன்.

தடுப்பூசிக்கு இந்த வாரமே பயண மருத்துவரைப் பாருங்கள். போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்டால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் செல்லும். முன்பே போட்டவர்கள் மறுபடி போட வேண்டாம். மலேரியா மாத்திரையில் பலரும் தவறுவது ஊர் திரும்பிய பிறகுதான். மெஃப்ளோகுயின், டாக்ஸிசைக்ளின் இரண்டையும் திரும்பி வந்து நான்கு வாரம் விழுங்க வேண்டும். கல்லீரலில் தங்கியிருக்கும் கிருமி இரத்தத்துக்குள் இறங்கும்போதுதான் அவற்றுக்கு வேலை. அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரை கிருமியைக் கல்லீரலிலேயே தாக்குவதால் ஏழு நாள் போதும். எது உங்களுக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

துணி வேண்டாம். அழைத்த சபை கேட்ட பொருளை மட்டும் கொண்டுபோங்கள். விசிட்டர் விசா போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரசங்கம் செய்யப் போகிறவர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று கவுண்டரில் நின்று பொய் சொன்னால், நீங்கள் விமானம் ஏறிய பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஊர்ப் போதகர்.

இனி அந்த "கவலை இல்லை."

பர்மாவுக்கு 1813-ல் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். அந்த ஆறு வருஷத்தில் பெரும்பகுதி மொழிக்குப் போனது. உங்களிடம் இருப்பது மூன்று வாரம். அந்த ஆறு வருஷத்தை உங்களுக்காகத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் அருகில் நிற்கப்போகிறார். அவர் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லையா?

அரை மணி நேரம் கொடுத்தால் உங்கள் பேச்சு பதினைந்து நிமிஷம்தான், மீதி அவருடையது. முப்பது நிமிஷப் பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு போய், நேரம் போதாமல் கடைசியில் ஓட்டமாக ஓடி, அவரையும் ஓடவைத்து, கேட்கிறவர்களுக்கு ஒன்றும் எட்டாமல் முடிக்கிறவர்கள் நிறையப் பேர். பாதியாக வெட்டுவதை இங்கேயே செய்யுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பேசினாலும் அந்த நீட்டலோடுதான் பேசுகிறோம். லூக்கா 19-ல் வரும் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். "குள்ளனாக இருந்தபடியால்" என்று நிறுத்துகிறோம். மொழிபெயர்ப்பவர் காத்திருக்கிறார். "கூட்டமும் அதிகமாயிருந்தபடியால்." மறுபடி காத்திருக்கிறார். "இயேசுவைப் பார்க்கக்கூடாமல்." என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவில்லை, அவர் எதை மொழிபெயர்ப்பார்? ஊகித்து ஏதோ சொல்லி வைப்பார், அது பிறகு பொருந்தாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சகேயு குள்ளன். கூட்டமோ பெரிது. இயேசுவைப் பார்க்க முடியவில்லை. ஓடினான். ஒரு மரத்தில் ஏறினான். ஒவ்வொன்றும் முழுசு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிறுத்தலாம், அவர் நினைவில் எதையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள். அவர் தடுமாறுகிற இடமெல்லாம் உங்கள் வாக்கியத்தின் கோளாறு.

எதுகை மோனையில் கட்டிய மூன்று தலைப்புகளை விட்டுவிட்டுப் போங்கள். அக்கரையில் ஓசை போய்விடும், சரக்கு மட்டுமே மிஞ்சும். பல இடங்களில் சரக்கு இருக்காது. லட்சம், கோடி என்று வாயில் வரவே கூடாது. நூறாயிரம், பத்து மில்லியன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வசனங்களை மேடையில் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அது அவருக்குச் செய்கிற அநியாயம். ஏசாயா 1:18-ல் வரும் பனியைத் தமிழ் வேதாகமம் "உறைந்த மழை" என்கிறது. பனி பெய்யாத ஊருக்கு அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க எவ்வளவு யோசித்திருப்பார்கள்! அதை இரண்டு நொடியில் செய் என்று அவரிடம் கேட்கிறோம். வசன எண்ணை மட்டும் சொல்லுங்கள், அவர் தன் வேதாகமத்திலிருந்து வாசிப்பார். எண்ணையும் முன்பே ஒத்துப்பாருங்கள். செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வரிசையைப் பின்பற்றும் வேதாகமங்களில் நம்முடைய 23-ஆம் சங்கீதம் 22-ஆவது. ரஷ்ய மொழியின் பழைய மொழிபெயர்ப்பில் அப்படித்தான்.

ஆகவே இரண்டு வாரம் முன்பே அவருக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள். பிரசங்கச் சுருக்கம், வசன எண்கள், ஆள் பெயர், இடப் பெயர், சொல்லப்போகிற உதாரணம். இந்த உதாரணம் உங்கள் ஊரில் புரியுமா என்று கேளுங்கள். புரியாது என்றால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

மேடையில் அவரைத் திருத்தாதீர்கள். தவறாகச் சொன்னார் என்று சந்தேகம் வந்தால் அதையே வேறு வார்த்தையில் மறுபடி சொல்லுங்கள். அவர் இருக்கும்போது உங்களுக்குள் தமிழில் பேசிச் சிரிக்கவும் வேண்டாம். வேறொரு மொழியில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்றால் யாருக்கும் கூசும்.

எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் ஜெபத்துக்கு வருவாள். கணவன் அடிப்பதை, வயிற்றில் கலைந்த பிள்ளையை அவள் உங்களிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் மொழிபெயர்ப்பவரிடம் சொல்ல வேண்டும். அவரோ அவள் தெருக்காரர், நாளைக்கும் அதே தெருவில்தான் இருப்பார். அவள் பாதியை விழுங்கிவிடுவாள், தலைவலி என்று மட்டும் சொல்லிப் போவாள். நீங்கள் தலைவலிக்கு ஜெபித்து அனுப்புவீர்கள். பெண்களுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கேட்டது வெளியே போகக்கூடாது என்று அவரிடம் பேசியிருக்க வேண்டும். இதை அழைத்த சபையோடு இப்போதே முடிவு செய்யுங்கள், அங்கே போய்த் தேட முடியாது.

மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இருபது, முப்பது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். நம் குழுக்களோ ஒரே மனிதரைக் காலைக் கூட்டம், வீடு சந்திப்பு, இரவுக் கூட்டம் என்று இழுக்கின்றன. சாப்பாட்டு மேஜையிலும் அவரை விடுவதில்லை. எட்டுப் பேரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், அவர் தட்டு அப்படியே இருக்கும். இரண்டாவது ஆள் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கூட்டத்தைக் குறையுங்கள். சாப்பிடும்போது பேசாமல் இருங்கள், இருபது நிமிஷம் உங்களால் முடியும்.

இன்றே போதகருக்கு எழுதி மொழிபெயர்ப்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். அந்த ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டு எனக்கு எழுதுங்கள். பெட்டியில் என்ன வைப்பது என்று அப்போது பேசுவோம்.

அன்புடன்