பொம்மை முன்னாடி வாய் வரலைன்னு படிப்ப நிறுத்தாதீங்க

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு பிஎஸ்சி நர்சிங் ரெண்டாவது வருஷம், சிமுலேஷன் லேப்ல, அதான் பொம்மைய பேஷன்டா வெச்சுப் பழகற லேப்ல, டாக்டரா நின்ன பையன் சொன்ன டோஸ் தப்புன்னு தெரிஞ்சும் வாயே வரலைன்னு ஹாஸ்டல் வந்து அழுதிருக்கா, இவளுக்கு இந்த லைன் செட் ஆகுமான்னு கேக்கறீங்க, அவங்கப்பா வேற பொம்மைக்கு வைத்தியம் பாக்கவா இவ்ளோ ஃபீஸ்ங்கறாராம். கோர்ஸ் எல்லாம் மாத்த வேணாம்.

ஊசி போடப் பழக தனியா கை பொம்மை இருக்கு, இந்த லேப் பொம்மை வேற. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் கம்ப்யூட்டர்ல பிபிய இறக்கிட்டே போவாங்க, திடீர்னு ஹார்ட் நின்னுரும். ஒருத்தர் நெஞ்ச அமுக்கணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவ, 2 நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறணும், ஒருத்தர் மூச்சு குடுக்கணும், ஒருத்தர் மருந்து, இன்னொருத்தர் டைம் எழுதணும். லீடர் "அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐவி"ன்னா, அதாவது ரத்தக்குழாய்ல போடச் சொன்னா, அதையே திருப்பிச் சொல்லி, போட்டப்புறம் "போட்டாச்சு"ன்னு சத்தமா சொல்லணும், இல்லன்னா ரெண்டு பேர் போட்டுருவாங்க, இல்ல யாருமே போட்டிருக்க மாட்டாங்க. நிஜ பேஷன்ட் மேல இதப் பழக முடியுமா சொல்லுங்க.

தப்பு டோஸ் சொல்ல வெச்சது அனேகமா வேணும்னேதான் இருக்கும், அப்படி டெஸ்ட் பண்றது உண்டு. பெரியவங்கள எதிர்த்துப் பேசாதன்னு நாமளே வளத்துட்டு 20 வயசுல திடீர்னு "சார், டோஸ் ஒரு தடவ செக் பண்ணலாமா"ன்னு வரணும்னா எப்படி வரும்? அதுக்குத்தான் லேப். பேஷன்ட் நிலைமைய சுருக்கமா சொல்ல எஸ்பார்னு (SBAR) ஒரு முறை இருக்கு, அமெரிக்க நேவி நீர்மூழ்கில இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது: இப்ப என்ன ஆச்சு, முன்ன என்ன இருந்துது, நான் என்ன நினைக்கறேன், நீங்க என்ன செய்யணும். ராத்திரி 2 மணிக்கு டியூட்டி டாக்டர எழுப்பறப்ப இதான் கைகொடுக்கும். தினம் ஒரு கேஸ அவ போன்ல உங்ககிட்ட இப்படி சொல்லட்டும், உங்களுக்கு புரியாட்டியும் பரவால்ல, உம் கொட்டுங்க போதும்.

நாளைக்கு யுகே போகணும்னு ஆசைப்பட்டாலும் அங்க நர்ஸா ரெஜிஸ்டர் பண்ண ஓஎஸ்சிஇன்னு செய்முறை பரீட்சை பாஸ் பண்ணணும், அதுவும் நடிக்கற பேஷன்ட், பொம்மை வெச்சுத்தான்.

ஒண்ணு மட்டும் காலேஜ்ல விசாரிங்க. சீன் முடிஞ்சதும் உக்காத்தி வெச்சுப் பேசறாங்களா? அதுக்குப் பேரு டீப்ரீஃபிங், என்னக் கேட்டா பொம்மைய விட அதான் முக்கியம். யார் சொதப்பினான்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சா பிள்ளைங்க அடுத்த தடவ வாயே தொறக்காது, அந்த நேரம் உனக்கு என்ன தோணுச்சுன்னு கேட்டா தேறிரும். எம்பிபிஎஸ், பிசியோ பசங்களோட சேந்து பண்றாங்களான்னும் கேளுங்க. சில இடத்துல இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும்தான் பொம்மை மேல போத்தின துணிய எடுப்பாங்க, அங்கன்னா அவங்கப்பா ஃபீஸப் பத்தி கேக்கறது நியாயம்தான். அவர ஞாயித்துக்கிழமை எனக்கு கூப்பிட சொல்லுங்க, பேசறேன்.